ஜரிகைக் கரையைப் பிடித்துக்கொண்ட கேமரா

நெய் விரல் ஒன்று மானிட்டரில் பதிந்தது.

விரலுக்குச் சொந்தக்காரர் பரமசிவம். காந்தி ரோட்டில் மூன்று ஷட்டர் அகலத்துக்குப் பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர். கையிலிருந்த பூந்தி லட்டில் பாதி வாய்க்குள் போயிருந்தது. மீதி உதிர்ந்து அம்சாவின் கீபோர்டு இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதோ, இந்த ஓரம் இருக்குது பாரு. இது வரக்கூடாது. மாப்ள மட்டும்தான் தெரியணும். புரியுதா பொண்ணு?"

அம்சா தலையை மட்டும் ஆட்டினாள். பேச வேண்டுமென்றால் மூச்சை இழுக்க வேண்டும். அத்தர், வாசனைப் பாக்கு, நேற்றைய வியர்வை மூன்றும் அவர் சட்டையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தன. ஏ.சி. அறை. ஜன்னல் கிடையாது. தப்பிக்க வழியில்லை.

2005, ஆவணி மாதம். ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'வரம் வீடியோஸ்'. கல்யாணம், காதுகுத்து, கடை விளம்பரம் எல்லாம் எடுக்கப்படும். ஓனர் கலியாணசுந்தரம். கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் வேலை அம்சாவுக்கு. இருபத்து நாலு வயது. முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒரு வருஷம் ரயிலில் தாம்பரம் போய் மல்டிமீடியா படித்தவள். அவள் தெருவில் கம்ப்யூட்டர் தொட்ட முதல் ஆள்.

"அந்தப் பகுதியை அப்படியே வெட்டிட்டா என்ன சார்?" என்று கேட்டாள்.

"வெட்டுனா கேள்வி வரும்மா." பரமசிவம் விரலைச் சப்பினார். "எங்க அண்ணன் பையன் கல்யாணம் இது. ஊர்வலத்துல லைட்டு தூக்கினு வந்தான் பாரு ஒருத்தன், குடிச்சிட்டு விழுந்தான். பொண்ணோட அக்கா இருக்குதே, கிருஷ்ணவேணி, அது கொழந்த மேல ட்யூப்லைட்டு ஸ்டாண்டு சாஞ்சிடுச்சி. கன்னத்துல ஏழு தையல். நான் காருக்குப் பின்னால வந்துக்கினு இருந்தேன். கண்ணால பாத்தேன். தள்ளாடினுதான் வந்தான் கம்னாட்டி. ஸ்டேஷன்லயும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். உள்ள இருக்கான் இப்ப."

"சரி சார்."

"இப்ப அந்தக் கிருஷ்ணவேணி, 'டிவிடில அந்த எடத்தைப் பாக்கணும், அவன் எப்படி விழுந்தான்னு பாக்கணும்'னு நிக்குது. பெத்தவ மனசு தாங்குமா? அதனால அந்த எடம் இருக்கணும், ஆனா அந்த ஓரம் இருக்கக் கூடாது. மாப்ள மூஞ்சி மட்டும் பெருசா, சினிமால வர மாரி, அப்படியே கூடவே போவணும் கேமரா."

கலியாணசுந்தரம் இடையில் புகுந்தார். "பண்ணிடலாண்ணே. அம்சா அதுல கில்லாடி."

பரமசிவம் போனார். மானிட்டரின் இடது ஓரத்தில் அவர் விரல் ரேகை நெய்யில் அச்சாகி மினுங்கியது.

* * *

அந்த வேலை அம்சாவுக்கு உண்மையிலேயே பிடித்த வேலை.

முதலில் வீடியோவை ஒரு திரைச்சீலை மாதிரி வெட்டவெளியில் தொங்கவிட வேண்டும். அந்த வெட்டவெளி கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிறது. திரைச்சீலைக்கு முன்னால் ஒரு கேமராவை நிறுத்த வேண்டும். அதுவும் பொய்க் கேமராதான். லென்ஸ் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. ஆனால் உள்ளே போகும், வெளியே வரும், திரும்பும், குனியும்.

அடுத்தது டிராக்கர். படத்தில் ஓடும் பொருளின் மேல் ஒரு சின்னக் கட்டத்தை வைத்துவிட்டால் போதும். மாப்பிள்ளை மாலையின் சிவப்பு ரோஜா மேல் வைத்தாள். ஒவ்வொரு ஃபிரேமாக ரோஜா எங்கே போனது, எவ்வளவு நகர்ந்தது என்று டிராக்கர் குறித்துக்கொண்டே வரும். அந்தக் குறிப்பை உருவமே இல்லாத ஒரு புள்ளிக்குக் கொடுத்து, பொய்க் கேமராவை அந்தப் புள்ளியோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அப்புறம் ரோஜா போகிற இடமெல்லாம் கேமராவும் போகும். வேன் மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே எடுத்த படம், ரயில் தண்டவாளத்தில் எடுத்தது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

முடிச்சுப் போட்டு ஓட்டிப் பார்த்தபோது அம்சா தன்னையறியாமல் சிரித்தாள். அவ்வளவு சுத்தம்!

ஒரே ஒரு இடத்தில் கட்டம் நழுவியது. யாருடைய கையோ ரோஜாவை மறைத்திருந்தது. சரிசெய்யப் படத்தை முழு அகலத்துக்கு விரித்து, ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டினாள்.

தட்டிய கை நின்றது.

மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த திறந்த காருக்கு முன்னால், இடது ஓரத்தில் ஒரு பட்டு வேட்டி. பரமசிவம். காருக்குப் பின்னால் இல்லை, முன்னால். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நடந்து வருகிறார். அவருக்கு ஒரு அடி முன்னால், தலையில் ட்யூப்லைட் ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு லைட்காரர். பேர் ஜெபகுமார். மண்டபங்களில் அம்சா அவரைப் பார்த்திருக்கிறாள். கூட்டம் நெருக்க, அவர் பாதி அடி உள்ளே ஒதுங்குகிறார். பரமசிவத்தின் பாதி முகம் கேமராவுக்கு மறைகிறது.

அடுத்த ஃபிரேம். பரமசிவத்தின் சிரிப்பு போகிறது.

அடுத்தது. வேட்டி உயர்கிறது.

அடுத்தது. கால்.

ஜெபகுமாரின் முழங்காலுக்குப் பின்னால் அந்தக் கால் இறங்குகிறது. தெரு நாயை உதைக்கிறவன்கூட கொஞ்சம் கோபத்தோடு உதைப்பான். இதில் அதுகூட இல்லை. வாசலில் கிடக்கும் செருப்பைத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு சலிப்பு. மொத்தம் பதினோரு ஃபிரேம். அரை வினாடிகூடக் கிடையாது. வேகமாக ஓட்டினால் யார் கண்ணிலும் படாது. அதற்கப்புறம் ஜெபகுமார் மடிகிறார். ஸ்டாண்டு சாய்கிறது. பச்சைப் பாவாடை போட்ட ஆறு வயதுக் குழந்தை அண்ணாந்து பார்க்கிறது...

அம்சா அந்தப் பதினோரு ஃபிரேமையும் மறுபடி தட்டிப் பார்த்தாள். அதே கால்.

மானிட்டரைப் பார்த்தாள். நெய் ரேகை சரியாக ஜெபகுமாரின் முகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

* * *

"பாத்துட்டியா?" என்றார் கலியாணசுந்தரம். குரலில் ஆச்சரியம் இல்லை. "சரி. பாக்காத மாரி இருந்துக்கோ."

"சார், அந்த ஆளு குடிக்கவே இல்ல. இவரு ஒதச்சிருக்காரு."

"அம்சா, உனக்கு இன்னா சொன்னாங்க? மாப்ளையைப் பாக்கச் சொன்னாங்க. நீ ஏன்மா ஓரத்தைப் பாக்குற?"

"டேப்பு எங்க சார்?"

"அதுமேல நேத்தே ஒரு காதுகுத்து ஏறிடுச்சி." சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் டிவிடி போட்டு முடிச்சதும் அழிச்சிடு. அவரு கடை விளம்பரம் ஆறு வருது நமக்கு. தீபாவளி வரைக்கும் வேலை. நீயும்தானே சாப்புடற இதுல?"

அந்தக் கடைசி வாக்கியம் அம்சாவுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. காலில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி. காலையிலிருந்து அவளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? ஒரு ஆளைப் படத்திலிருந்து வழித்து எறியும் வேலையை, சிரித்துக்கொண்டே, சுத்தமாக.

மதியம் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு பெண் வாசலிலேயே நின்றாள். கையில் மஞ்சள் பை. உள்ளே வரலாமா என்று தரையைப் பார்த்து யோசித்தாள்.

"சார், நான் மரியம்மாள். லைட்டு தூக்கற ஜெபகுமார் ஊட்டுக்காரி."

கலியாணசுந்தரம் காலண்டரைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஊர்வலத்துல நீங்கதான் வீடியோ புடிச்சீங்கன்னாங்க. எம் புருசன் வாயில சாராயம் பட்டு பதினோரு வருசம் ஆவுது சார். சபைல பைபிள் மேல கை வச்சி சத்தியம் பண்ணவரு. பின்னாலேந்து யாரோ ஒதச்சாங்கன்றாரு. ஆரும் நம்ப மாட்டேன்றாங்க. சபைலகூட, 'இப்பக் கொஞ்ச நாளு வராதீங்கம்மா'ன்னுட்டாங்க. திங்கக்கெழம கோர்ட்டு. கொழந்தையோட அம்மாதான் கம்ப்ளெய்ன்டு. அவங்க கேசு வேணாம்னு சொன்னாத்தான் வுடுவாங்கன்றாரு வக்கீலு. அந்த வீடியோவ ஒரு தபா அவங்களுக்குக் காட்டிட்டீங்கன்னா..."

"அந்த எடத்துல பேட்டரி போயிடுச்சிம்மா" என்றார் கலியாணசுந்தரம். பிசிறில்லாமல், கூசாமல். "நீ வேற. அது இருந்தா நானே குடுத்திருக்க மாட்டனா? போய்ட்டு வா. சாமி மேல பாரத்தப் போடு. உங்க சாமி மேலதான்!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

மரியம்மாள் அம்சாவைப் பார்த்தாள். அம்சா மானிட்டரைப் பார்த்தாள். மானிட்டரில் பேட்டரி போகாத படம், உதைக்கிற கால் பாதியில் நிற்க, அப்படியே நின்றுகொண்டிருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் மானிட்டரின் முதுகுதான் தெரியும்.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

* * *

வியாழக்கிழமை பரமசிவம் மறுபடி வந்தார். இந்த முறை முறுக்கு.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சங்கடம் உண்டு. மெமரி குறைவு. எந்த எஃபெக்ட் போட்டாலும் ஒரே மூச்சில் பன்னிரண்டு வினாடிதான் ஓட்டிக் காட்டும். முழுசாகப் பார்க்க, படத்தைக் கோத்துத் தரும் ரெண்டர் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். மாப்பிள்ளையின் பின்னால் கேமரா வழுக்கிப் போகும் பன்னிரண்டு வினாடியை அம்சா ஓட்டிக் காட்டினாள்.

பரமசிவத்தின் வாய் முறுக்கோடு நின்றது.

"யம்மாடி! இன்னாமா இது, நெஜமாவே கேமரா பின்னாடியே போன மாரி இருக்குது!"

"ஆமா சார்."

"இது... யார் பின்னால வேணா போவுமா?"

"யாரைச் சொன்னாலும் போவும் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். குரல் குழைந்தது. அந்தக் குழைவு அம்சாவுக்கு அதட்டலைவிட அருவருப்பாக இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு. அந்தப் புள்ளையார் கோயில் முனையில நான் நடந்து வரேன் இல்ல? கார் முன்னால? அங்கேந்து என் பின்னாலயே வரட்டும். ஸ்லோமோஷன்ல. அப்படியே கொஞ்ச தூரம் ஜம்முனு வந்துட்டு, அந்தக் குடிகாரன் எடத்துக்கு முன்னாடி மாப்ள கிட்ட தாவிடட்டும். முடியுமா?"

"முடியும் சார்."

கார் முன்னாலா? அன்றைக்குப் பின்னால் என்று சொன்னாரே? அவருக்கே அது ஞாபகமில்லை. போலீசுக்குச் சொன்னது போலீசுக்கு. வீடியோவில் வருவது வீடியோவுக்கு. அவர் மண்டைக்குள் இரண்டும் தனித்தனிக் கடை.

அம்சா டிராக்கரின் கட்டத்தை அவர் முகத்தின் மேல் வைத்தாள். எட்டாவது ஃபிரேமில் நழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவியது. ட்யூப்லைட் வெளிச்சம் வந்து வந்து போக, முகம் ஒரு ஃபிரேமில் வெளுப்பு, அடுத்ததில் இருட்டு.

"இன்னாச்சி?"

"மூஞ்சி நிக்க மாட்டேங்குது சார். பளிச்சுனு, மாறாம இருக்கற எடமாப் பாத்து வச்சாத்தான் புடிச்சிக்கும்."

தேடினாள். சட்டை வேண்டாம், பட்டன் வேண்டாம். கீழே வந்தாள். பட்டு வேட்டியின் கரை. நாலு விரல் அகல ஜரிகை. எந்த வெளிச்சத்திலும் ஒரே மாதிரி ஜொலித்தது. கட்டத்தை அதன் மேல் வைத்து ஓடவிட்டாள். ஒரு இம்மி நழுவவில்லை. கவ்விக்கொண்டது.

"வேட்டிக் கரையில நல்லா நிக்குது சார். கேமரா அதோடதான் கட்டிருக்கேன். ஆனா ஆளு முழுசாத் தெரிவீங்க."

பரமசிவம் தொடையைத் தட்டினார். "நிக்காம பின்ன? அசல் ஜரிகைம்மா! நம்ம தறியில போட்டது. சூரத்து டூப்ளிகேட் சரக்குன்னா உன் கம்ப்யூட்டரே துப்பியிருக்கும்!"

பன்னிரண்டு வினாடி. மெதுவாக, மிதந்து மிதந்து பரமசிவம் வந்தார். கேமரா அவரை விட்டு விலகாமல் கூடவே வந்தது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம தாமல் ஊர்ல, பொண்ணு வீட்ல எல்லாரும் உக்காந்து பாக்கறாங்க. நீயே பிளேயரை எடுத்துக்கினு வந்து போட்டுக் காட்டு. அவங்க டிவிக்கு ஒயரு மாட்டத் தெரியாது. கலியாணசுந்தரம், இந்தப் பொண்ண அனுப்பு."

* * *

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். கலியாணசுந்தரம் இரண்டு கேமராவோடு விடியற்காலையிலேயே வாலாஜாபாத் போய்விட்டார். "ரெண்டர் போட்டு டிவிடி அடிச்சி வச்சிடு. அழிக்கறத மறந்துடாத" என்று போனில் சொன்னார். படத்தை முழுசாகப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆவணியில் எந்த வீடியோக்காரனுக்கும் நேரமிருக்காது.

அம்சா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

படத்தை அப்படியே காப்பி போட்டு ஸ்டேஷனில் கொடுக்கலாம். பரமசிவத்தின் கடை காலண்டர் மாட்டியிருக்கும் ஸ்டேஷன் அது. சிடி உடைந்தது என்பார்கள். மரியம்மாளிடம் கொடுக்கலாம். அவளும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். கிருஷ்ணவேணியிடம் நேராகக் கொடுக்கலாம். எங்கோ ஓரத்தில் பதினோரு ஃபிரேம். அவள் பார்வை தன் குழந்தை மேல்தான் இருக்கும். கால் கண்ணிலேயே படாது.

படும்படி செய்ய வேண்டும்.

டைம்லைனில் இரண்டு கீஃபிரேம்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வைரம் மாதிரி இரண்டு சின்னப் புள்ளிகள். ஒன்று, ஸ்லோமோஷன் முடிந்து படம் பழைய வேகத்துக்குத் திரும்பும் இடம். இன்னொன்று, கேமரா பரமசிவத்தை விட்டு மாப்பிள்ளைக்குத் தாவும் இடம்.

இரண்டையும் அழித்தாள்.

டிராக்கரை ஜரிகைக் கரையிலேயே இன்னும் நாற்பது ஃபிரேம் ஓடவிட்டாள். கவ்விய பிடியை அது விடவே இல்லை. வேட்டி தூக்கினால் கேமராவும் தூக்கும். கால் போனால் கேமராவும் போகும். அவள் புதிதாக ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. அவர் கேட்டதுதான். அவர் பின்னாலேயே, அவர் சொன்ன ஸ்லோமோஷனிலேயே.

ரெண்டர் பட்டனை அழுத்தினாள். ஒரிஜினல் படத்தைத் தனியாக இன்னொரு டிவிடியில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ரெண்டர் முடிந்து டிவிடி அடித்த அப்புறம்தான் ஓனர் சொன்னபடி அழித்தாள்.

* * *

தாமல். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. ஏரிக் காற்று வாசல் வழியாக வந்தது. கூடத்தில் ஸ்டூல் போட்டு இருபத்தொரு இஞ்ச் டி.வி. முன்னால் பாய் விரித்து இருபது பேர். நடுவில், ஒரே ஒரு நாற்காலியில், மடியில் வெங்காய பஜ்ஜித் தட்டோடு பரமசிவம்.

பின்வரிசையில் கிருஷ்ணவேணி. மடியில் குழந்தை. கன்னத்தில் வெள்ளை பிளாஸ்திரி. டி.வி.யைவிட அம்சாவின் கையிலிருந்த ரிமோட்டைத்தான் குழந்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த எடம் வருமா?" என்று கிருஷ்ணவேணி மெதுவாகக் கேட்டாள்.

"வரும்க்கா. கண்ண எடுக்காம பாருங்க."

நலங்கு வந்தது. மாப்பிள்ளை அழைப்பு வந்தது. பிள்ளையார் கோயில் முனை வந்தது. நாதஸ்வரம் பின்னணியில் ஓட, படம் மெதுவாகி, கேமரா வழுக்கிக்கொண்டு போய்ப் பரமசிவத்தைப் பிடித்தது.

கூடமே 'ஓ' என்றது.

"சம்மந்தி! நீங்கதான் மாப்ளனு எங்க பொண்ணு மாலையை மாத்திடப் போவுது!" என்றார் பெண்ணின் அப்பா குமாரசாமி.

"ஹீரோ மாரி வராரு பாருய்யா!"

"அந்த வேட்டியப் பாரேன், எப்பிடி மின்னுது!"

"நம்ம தறிதான். அசல் ஜரிகை" என்றார் பரமசிவம். பஜ்ஜியை ஆட்டிக்காட்டினார். "கேமரா அதப் பாத்துத்தான் வருதாம். இந்தப் பொண்ணு சொல்லுச்சி."

பன்னிரண்டு வினாடி முடிந்தது. பரமசிவம் கேமரா தாவுவதற்காகக் காத்திருந்தார்.

கேமரா தாவவில்லை.

படத்தில் அவர் முகத்தை லைட்காரரின் தோளும் ட்யூப்லைட்டும் மறைத்தன. முகம் போனாலும் ஜரிகை போகவில்லை. மின்னிக்கொண்டே இருந்தது. வேட்டிக் கரை உயர்ந்தது. கேமராவும் உயர்ந்தது. அதற்குக் கீழே, டி.வி.யின் நட்டநடுவில், முடி அடர்ந்த ஒரு கெண்டைக்கால் மெதுவாக, மிக மெதுவாக முன்னால் நீண்டது. பாதத்திலிருந்து செருப்பு கழன்றது. குதிகால் இன்னொரு மனிதனின் முழங்கால் மடிப்பில் அமர்ந்து, அமுங்கி, தள்ளியது.

பாயில் இருந்தவர்கள் எம்பிப் பார்த்தார்கள்.

கேமரா யாரையும் தேடிப் போகவில்லை. விழுந்த ஆளைத் தேடவில்லை. உடைந்த கண்ணாடியைத் தேடவில்லை. ஜரிகையோடேயே கீழே இறங்கியது. பச்சைப் பாவாடை ஒன்று ஃபிரேமின் ஓரத்தில் ஒரு கணம் சுழன்று மறைந்தது. பரமசிவத்தின் கால் விரல்கள் அசைந்தன. தரையைத் துழாவின. கழன்ற செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டைவிரலை அதன் வளையத்துக்குள் நிதானமாக நுழைத்துக்கொண்டன.

"அய்ய..." என்றாள் யாரோ ஒரு பெண். குமட்டல் வந்தவள் மாதிரி.

"நிறுத்து!" பரமசிவம் எழுந்தார். பஜ்ஜி சிதறியது. "ஏ பொண்ணு, நிறுத்துடி!"

"மறுபடி போடும்மா" என்றாள் கிருஷ்ணவேணி.

அம்சா மறுபடி போட்டாள். வேட்டி, கால், முழங்கால், செருப்பு.

"இது கிராஃபிக்ஸு! கம்ப்யூட்டர்ல இன்னா வேணா பண்ணலாம். இவ அந்தக் குடிகாரன் ஜாதிக்காரியா இருப்பா, வேணும்னே..."

"கேமரா மட்டுந்தான் கிராஃபிக்ஸு சார்" என்றாள் அம்சா. ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கால் உங்களுது." பையிலிருந்து இரண்டாவது டிவிடியை எடுத்துக் கிருஷ்ணவேணியிடம் நீட்டினாள். "இது கை வைக்காத படம்க்கா. எஃபெக்டு எதுவும் இல்ல. யாருகிட்ட வேணா குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

கிருஷ்ணவேணி குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரில எங்கூடவே நின்னீங்களே. எம் பொண்ணு தலையத் தடவிக்கினே, 'நான் காருக்குப் பின்னால இருந்தேம்மா, அவன் தள்ளாடினு வந்தான்'னு சொன்னீங்களே."

"அது வந்தும்மா..."

"இப்ப அது உங்க வேட்டினு நீங்கதானே சொன்னீங்க? அசல் ஜரிகைனு?"

பரமசிவம் குமாரசாமியைப் பார்த்தார். குமாரசாமி டி.வி.யைப் பார்த்தார். அதில் செருப்புக்குள் பாதி நுழைந்த கட்டைவிரல் நின்றிருந்தது.

கிருஷ்ணவேணி முன்னால் வந்து, அவர் கையில் மீதமிருந்த பஜ்ஜித் தட்டைப் பிடுங்கினாள். கொல்லைப்பக்கம் போனாள். தட்டு விழுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து ரொம்ப நேரம் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

* * *

திங்கட்கிழமை காலை கோர்ட்டு திறக்குமுன் கிருஷ்ணவேணி வக்கீலோடு நின்றாள். லைட்காரர் குடித்திருக்கவில்லை, தள்ளிவிடப்பட்டார் என்று எழுதிக் கொடுத்தாள். டிவிடியையும் கொடுத்தாள். சாயங்காலம் ஜெபகுமார் வெளியே வந்தார். முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஒரு காலை இழுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினார் என்று மரியம்மாள் சொன்னாள்.

பரமசிவத்தின் மேல் கேஸ் வரவில்லை. இரண்டு சம்பந்தி வீடும் உட்கார்ந்து பேசின. அவர் குமாரசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். கிருஷ்ணவேணியிடம் கேட்டார். குழந்தைக்குக் கொலுசு வாங்கிக் கொடுத்தார். ஜெபகுமார் என்ற பெயர் அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை.

புதன்கிழமை அம்சா தன் டிபன் பாக்ஸையும் ஹெட்போனையும் எடுத்துப்போக ஸ்டூடியோவுக்கு வந்தாள். வேலை போயிருந்தது. கலியாணசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மானிட்டரில் நெய் ரேகை அப்படியே இருந்தது. அதன் மேல் இப்போது தூசி படிந்து, ரேகை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. துணியை எடுத்தவள், வேண்டாம் என்று வைத்துவிட்டாள். தொடப் பிடிக்கவில்லை.

போன் அடித்தது. கலியாணசுந்தரம் எடுத்தார். "ஆங், சொல்லுங்கண்ணே... இங்கதான் இருக்குது... இதோ." ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அம்சாவிடம் நீட்டினார். "பரமசிவம் அண்ணன். உங்கிட்டதான் பேசணுமாம். கொஞ்சம் தன்மையாப் பேசும்மா. வேலை திரும்பக் கெடைச்சாலும் கெடைக்கும்."

திட்டப் போகிறார். மிரட்டப் போகிறார். இல்லை, ஒருவேளை...

"ஹலோ" என்றாள்.

"பொண்ணு, நடந்தது நடந்துபோச்சி, வுடு." ஏதோ மென்றுகொண்டே பேசினார். ஈரமான சத்தம் காதுக்குள் வந்தது. "அந்த ஷாட்டு இருக்குது இல்ல, ஜரிகை ஷாட்டு? நேத்து தனியாப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் பண்ணியிருக்க. தீபாவளி விளம்பரத்துக்கு அதையே போட்டுடலாம்னு இருக்கேன். அந்தக் கால் மட்டும் வராம, அதுக்கு முன்னாடியே..."

அம்சா ரிசீவரை மேஜை மேல் வைத்தாள். அது "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று மரப்பலகையிடம் பேசிக்கொண்டிருந்தது.

படியிறங்கி ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்தாள். கையைக் கழுவினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, குனிந்து, காதையும் கழுவினாள்.